ஐந்தில் நான்கு: அருளானந்தரின் 1683ஆம் ஆண்டு மடலும் காவிரி நெல்லின் விலையும்

தஞ்சையைப் பற்றி மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1683இல் எழுதிய மடலில் உள்ள ஒரு பத்தி, வரிக்கொடுமைக்குச் சான்றாக அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அதே அளவுக்கு ஒதுக்கியும் தள்ளப்படுகிறது. தஞ்சையின் மராட்டிய அரசர் ஏகோஜி விளைச்சலில் ஐந்தில் நான்கு பங்கைத் தனதாக்கிக்கொள்கிறார். அதையும் நெல்லாக வாங்காமல் பணமாகக் கேட்கிறார். நெல்லுக்கு அவரே விலை கட்டுகிறார். அந்த விலை விளைவித்தவருக்குக் கிடைக்கக்கூடியதைவிட மிக அதிகம். ஆகவே விளைந்தது முழுவதையும் விற்றாலும் பாக்கி தீர்வதில்லை. கடன் ஏறுகிறது, கொடுக்க வழியில்லை என்பதைக் குடியானவர் வதைபட்டு மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. பத்தியின் சாரம் இவ்வளவுதான். மராட்டியர் ஆட்சித் தொடக்கத்தை இருண்ட காலமாகத் தீட்ட விரும்பியோர் இதிலிருந்து ஐந்தில் நான்கு என்ற பின்னத்தை மட்டும் எடுத்துக்கொண்டனர். அவர்களை மறுத்தோரும் அதே பின்னத்தைப் பற்றிக்கொண்டு, மறைபரப்ப வந்தவரின் மிகைக்கூற்று என்று வழக்கை முடித்தனர். பணம், விலை, கடன் என்று மடல் அடுத்தடுத்து வைக்கும் கண்ணிகளை இரு தரப்பும் சேர்த்துப் படிக்கவில்லை. அவற்றைச் சேர்த்துப் படித்தால், இது அரசனைத் தூற்றும் வசையாக இல்லாமல் நெல் வரி பணவரியாக மாறிய விதத்தைச் சொல்லும் கணக்காகத் தெரியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஒரு நிலத்தில் நூறு கலம் விளைந்தது. அரசின் பங்கு எண்பது கலம். அந்த எண்பதுக்குக் கட்டிய விலை களத்துமேட்டு விலையைவிடக் கால் பங்கு கூடுதல் என்றால், குடியானவர் நூறு கலத்தையும் விற்றால்தான் வரி சரிக்கட்டும். கால் பங்குக்குமேல் ஒரு காசு ஏறினாலும் கடன்தான். மடலின் மூன்று கூற்றுகளும் (பங்கு, விலை, போதாமை) இந்த அளவில் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஐந்தில் நான்கு மிகை, அரசின் பங்கான மேல்வாரம் ஐந்தில் மூன்றாகத்தான் இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், விற்றும் போதவில்லை என்ற நிலை வருவதற்குக் கட்டிய விலை மூன்றில் இரண்டு பங்குக்குமேல் கூடுதலாக இருந்திருக்க வேண்டும். அதாவது பின்னத்தை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவுக்கு விலைக்கொடுமையை ஏற்ற வேண்டிவருகிறது. பங்கை மட்டும் மிகை என்று தள்ளிவிட்டு மற்றதை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. ஐந்தில் நான்கு என்பது டெல்டா முழுவதற்கும் பொருந்தும் விகிதம் என்று நான் சொல்லவில்லை. ஏதோ சில ஊர்களில் கேட்டறிந்த விகிதமாக இருக்கலாம். ஆனால் கேட்டறிந்த விகிதம் வேறு, கட்டிச்சொன்ன விகிதம் வேறு.

ஏகோஜிமீது இயேசு சபையினருக்கு இருந்த பகைமையே இப்படி எழுதவைத்தது என்ற எதிர்வாதம் நீண்ட நாளாகச் செல்லுபடியாகிவருகிறது. அதை முறிக்க அதே மதுரை மிஷனின் இன்னொரு மடல் போதும். 1676இல் அந்திரே பிரெய்ரே எழுதியது அது. தஞ்சையைக் கைப்பற்றிய கையோடு ஏகோஜி ஏரிகளையும் வாய்க்கால்களையும் செப்பனிட்டார், பல ஆண்டுகள் தரிசாகக் கிடந்த நிலமெல்லாம் பயிரேறியது, கடைசி அறுவடை முன் கண்டவற்றையெல்லாம் மிஞ்சியது என்று அவர் மனமாரப் புகழ்கிறார். பகைமை எழுதிய எழுத்தல்ல இது. ஏழாண்டு இடைவெளியில் எழுதிய இரு மடல்களும் முரண்படுவதாகவே இதுவரை படித்திருக்கிறார்கள். எனக்கு அவை ஒரே கதையின் முன்பாதியும் பின்பாதியுமாகத் தோன்றுகின்றன. வாய்க்கால் ஓடினால் விளைச்சல் பெருகும்; விளைச்சல் பெருகினால் அறுவடைக் காலத்தில் விலை சரியும்; பணவரிக்குக் கட்டிய விலையோ சரியாது. வரியை நெல்லாகக் கொடுக்கும் குடியானவருக்கு நல்ல விளைச்சல் வரம். பணமாகக் கொடுப்பவருக்கு அதுவே கண்ணி. 1676இன் அறுவடையை 1683இன் கடனோடு நேர்க்கோட்டில் கட்டிவிட முடியாதுதான். இடையில் 1677இல் சிவாஜியின் படையெடுப்பும் அதன் செலவும் இருக்கின்றன. படைச்செலவுக்குப் பணம் தேவைப்பட்ட அரசு நெல்லை மறுத்துக் காசைக் கேட்டிருக்கலாம் என்பது இந்த வாசிப்புக்கு வலுவே சேர்க்கிறது. டெல்டாவின் துயரம் ஏகோஜியோடு பிறந்ததுமல்ல. நாயக்கர் காலத்திலேயே, 1659–61 பஞ்சத்தில், நாகப்பட்டினத்திலிருந்து டச்சுக் கும்பினி மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றியிருக்கிறது.

விலை கட்டுவதற்குக் கொடுங்கோலன் தேவையில்லை என்பதற்குப் பாபநாசத்தில் செங்கல் சாட்சியே இருக்கிறது. ஊரை ஒட்டிய திருப்பாலைத்துறையில், பாலைவனநாதர் கோயில் வளாகத்தில் நிற்கும் வட்ட வடிவ நெற்களஞ்சியம் 1600–1634 காலத்து நாயக்கர் கட்டடம். 3,000 கலம் கொள்ளும் என்பர். இவ்வளவு பெரிய களஞ்சியம் வைத்திருப்பவர் தை, மாசியில் சம்பா களத்துக்கு வரும்போது விற்கத் தேவையில்லை. ஆடி, ஆவணியில் வீட்டுப் பத்தாயங்கள் காலியாகும்வரை காத்திருக்கலாம். பணவரிக்குத் தவணை நெருங்கும் குடியானவருக்கு அந்த வசதி இல்லை. அரசு ஆவணி விலையை ஆண்டு விலையாகக் கட்டினாலே போதும், மாசியில் விற்பவர் மூழ்கிவிடுவார். களஞ்சியம் நாயக்கருடையது, கோயிலுடையது, மடலோ மராட்டியர் காலத்தது என்று ஆட்சேபிக்கலாம். ஆட்சி மாறியதால் கட்டடமும் இடிந்துவிடவில்லை, பருவமும் மாறிவிடவில்லை.

இந்த நுட்பம் லிஸ்பனில் பிறந்த பிரபு வீட்டுப் பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது? ஜான் டி பிரிட்டோ பிராமணரல்லாத துறவியின் கோலம் பூணும் பண்டாரசுவாமி முறையை ஏற்றவர். பிராமணச் சந்நியாசியாக வாழ்ந்த, அவருக்கு முந்தைய இயேசு சபைத் துறவி நொபிலியின் வழியில், குடியானவரோடும் பண்ணையாட்களோடும் வெளிப்படையாகப் பழக இடமில்லை, பண்டாரசுவாமிக்கு இருந்தது. கும்பகோணம் பக்கத்துத் தத்துவாஞ்சேரியில் அவர் பணியாற்றியிருக்கிறார். வரிக்கணக்கை அரண்மனையில் கேட்டால் பங்கு மட்டும்தான் காதில் விழும். கட்டிய விலைக்கும் கைக்கு வந்த விலைக்கும் உள்ள வேறுபாடு கடன்பட்டவர் வாயிலிருந்துதான் வரும். பண்டாரசுவாமி கோலத்தை வெறும் மாறுவேடம் என்று ஒதுக்கும் ஆய்வுப் போக்கு, அந்தக் கோலம் எந்தெந்தக் கதவுகளைத் திறந்தது என்று கேட்பதே இல்லை.

மடலைப் பரவலாக அறியச்செய்தது 1847–54இல் பாரிஸில் பெர்த்ராண்ட் வெளியிட்ட தொகுப்பு. மிஷனின் பெருமைக்காகத் தொகுத்த நூல் என்பதால் ஐயம் எழுவது இயல்பே. ஆனால் பெருமை சேர்க்க நினைக்கும் பதிப்பாசிரியர் அற்புதங்களைச் சேர்ப்பார், நெல் விலை வேறுபாட்டைச் சேர்க்கமாட்டார். தஞ்சையைவிடச் செஞ்சியில் கொடுமை இன்னும் மோசம் என்று மடல் தானே ஒப்பிட்டுச் சொல்வதும் ஏகோஜியைக் குறிவைத்த புனைவுக்கு ஒத்துவராது. பத்தி புறக்கணிக்கப்பட்டதற்கான காரணத்தைத் திருச்சபைக்குள்ளேயே காணலாம். புனிதர் பட்ட வழக்கு இரண்டு கேள்விகளைச் சுற்றி ஓடியது: 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் நேர்ந்த மரணம் விசுவாசத்துக்கானதுதானா, மலபார் சடங்குகளை (மறைபரப்பில் ஏற்ற உள்ளூர் வழக்கங்களை) அவர் கைக்கொண்டது தடையாகுமா. இரண்டாவதை 1741இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் தீர்த்துவைத்தார். 1853இல் முத்திப்பேறும் 1947 ஜூன் 22இல் புனிதர் பட்டமும் வந்தன. இரண்டு கேள்விகளுக்குமே நெல்விலை தேவைப்படவில்லை. ஓரியூரின் செம்மண் வரலாறாக வளர்ந்தது. தஞ்சைப் பத்தி வரிவரலாற்றாளரின் கைக்குப் போய், அங்கே ஒற்றைப் பின்னமாகச் சுருங்கியது. இக்கட்டுரையின் வாசிப்பைச் சோதிக்க வழி இருக்கிறது: நாகப்பட்டினத்து டச்சுக் கணக்குகளில் ஒரே ஆண்டின் மாசி விலையையும் ஆவணி விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடைவெளி கால் பங்கைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தாண்டும் என்பதே என் எதிர்பார்ப்பு.