மடிக்கணினி நினைவகம்

மடிக்கணினியில் செருகிக் கழற்றக்கூடிய ராம் அட்டை. மேசைக்கணினி அட்டையின் ஏறத்தாழப் பாதி நீளமுள்ள இதற்குச் சோடிம் என்று பெயர். கொழும்பில் இதை விற்கும் கடைகள் செறிந்த இடம் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா. மருதானையில் கரையோர ரயில் ஏறினால் கோட்டை, கொள்ளுப்பிட்டி கடந்து இறங்கிவிடலாம். அட்டையைத் தெரிவுசெய்வதில் டிடிஆர் தலைமுறையே முதலாவது. கொள்ளளவும் கம்பனிப் பெயரும் பிறகுதான்.

இந்த ராமுக்கு அடிப்படையான, ஐபிஎம்மில் ரொபர்ட் டெனார்ட் வடிவமைத்த ஒற்றை டிரான்சிஸ்டர் நினைவுக் கலத்துக்கு 1968இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 1970இல் வந்த இன்டெல் 1103 சில்லு 1,024 பிட் கொண்டது. பிற்காலத் தலைமுறைகளுக்கு ஜெடெக் அமைப்பு நியமம் வகுத்தது: டிடிஆர் 2000, டிடிஆர்2 2003, டிடிஆர்3 2007, டிடிஆர்4 2012, டிடிஆர்5 2020. மின்னழுத்தம் 2.5 வோல்ட்டிலிருந்து 1.8, 1.5, 1.2, 1.1 என இறங்கியது. சோடிமின் ஊசிகள் முதலிரண்டிலும் 200; பின்னர் 204, 260, 262. விளிம்பிலுள்ள வெட்டு தலைமுறைக்குத் தலைமுறை இடம் மாறுவதால் ஒன்றின் ஸ்லொட்டில் இன்னொன்று இறங்காது. டிடிஆரும் டிடிஆர்2உம் மட்டும் பார்வைக்கு இரட்டையர். வெட்டு மயிரிழைதான் விலகியிருக்கும்.

இந்தக் காவல் இல்லாத இடம் டிடிஆர்3. அதன் 1.35 வோல்ட் வகையான டிடிஆர்3எல்லுக்கும் அதே 204 ஊசி, அதே வெட்டு. 2013இல் வந்த திங்க்பேட் எக்ஸ்240 போன்ற, இன்டெல் நான்காம் தலைமுறையின் குறைமின் செயலி கொண்ட கணினிகள் எல் வகையையே ஏற்கும். 1.5 வோல்ட் அட்டை சுகமாகப் பொருந்தும். திரை மட்டும் வராது. மாறாக, எல் அட்டை 1.5 வோல்ட்டிலும் இயங்கும். எக்ஸ்240இல் ஸ்லொட் ஒன்றுதான், உச்சம் 8 கிகாபைட். ஆகவே அதற்கு இரண்டு அட்டை வாங்குவது வீண்.

அட்டையின் லேபிளில் பீசி3 என்றிருந்தால் சாதாரணம், பீசி3எல் என்றிருந்தால் குறைமின். தொடரும் 12800 என்பது செக்கனுக்கு 12,800 மெகாபைட். இதையே 1600 என்றும் விற்பர். டிடிஆர்4 லேபிளில் 2400, 2666, 3200 என வேகம் நேரடியாகவே இருக்கும். வேகம் கூடிய அட்டை கணினியின் வேகத்துக்கு இறங்கிப் போகும். வெவ்வேறு கம்பனி அட்டைகளைச் சேர்த்துப் போடலாம். ஒரே சோடியாக வாங்கவேண்டும் என்பது பெரும்பாலும் விற்பவரின் பேச்சு.

2022 மார்ச்சில் இலங்கை ரூபாய் மிதக்கவிடப்பட்டுச் சரிந்தபின் புதுக் கணினி எட்டாக்கனியானது. பழையதற்கு ராம் கூட்டுவதே பலருக்கும் கட்டுப்படியாகும் வழியானது.

இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் குறைமின் வகையான எல்பிடிடிஆர் சில்லுகள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்படுகின்றன. இவற்றையும் கழற்றி மாற்றக்கூடிய அட்டையாக்கும் காம்2 நியமம் 2023 டிசம்பரில் வெளியானது. பற்றவைத்த கணினியை வாங்குபவர், வேண்டிய கொள்ளளவை வாங்கும் அன்றே தீர்மானித்துவிட வேண்டும்.