‘நோ ரேடியோ’: கார் ஸ்டீரியோ திருட்டு எங்கே போச்சு?

1980கள்ல எடுத்த நியூயார்க் தெரு போட்டோக்களைத் தேடிப் பாருங்க. வரிசையா நிறுத்தின கார்கள்ல சிலதோட ஜன்னல்ல ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். அதுல ‘நோ ரேடியோ’ன்னு எழுதியிருக்கும். இது கார் ஓனர் திருடனுக்கு எழுதின லெட்டர். ‘உள்ள ரேடியோ இல்லப்பா, தயவுசெஞ்சு கண்ணாடியை உடைக்காதே’ன்னு அர்த்தம். ‘ஏற்கெனவே திருடியாச்சு’ன்னு எழுதி வச்சவங்களும் உண்டு.

கார் ஸ்டீரியோ திருட்டு இன்னைக்கும் ஒரு பிரச்சனையா? பெரும்பாலும் இல்லை. ஆனா அது எப்படி ஒழிஞ்சதுங்கிற கதை, இப்போ உங்க பாக்கெட்ல இருக்கிற போன் வரைக்கும் வருது. அதான் இன்னைக்கு எபிசோட்.

1930ல இருந்து ஆரம்பிப்போம். சிகாகோவில் பால் கால்வின், ஜோசப் கால்வின்னு அண்ணன் தம்பி. அவங்க கம்பெனி காருக்குன்னே ஒரு ரேடியோ செஞ்சு, அதுக்கு ‘மோட்டரோலா’ன்னு பேர் வச்சது. விலை சுமார் 110லிருந்து 130 டாலர். அந்தக் காலத்தில் ஐந்நூறு, அறுநூறு டாலருக்கு ஒரு புது ஃபோர்டு காரே வாங்கலாம். ரேடியோ பெட்டி, ஸ்பீக்கர், பேட்டரி எல்லாத்தையும் தனித்தனியா காருக்குள்ள பொருத்தணும். மாட்டுறதுக்கே அவ்வளவு வேலைன்னா, அதைக் கழட்டிக்கிட்டு ஓடுறது நடக்கிற காரியமா?

அப்புறம் டிரான்சிஸ்டர் வந்தது, பெட்டி சின்னதாச்சு. 1963ல ஃபிலிப்ஸ் கம்பெனி கேசட்டை அறிமுகப்படுத்தினது. 1970கள், 80கள்ல பயனியர், ஆல்பைன், பிளாபுங்க்ட் மாதிரி பிராண்டுகள் எல்லாம் காரில் வைக்கிற நல்ல ஸ்டீரியோ விக்க ஆரம்பிச்சாங்க. கம்பெனி கொடுக்கிற ரேடியோ சுமார்தான். பாட்டு கேக்கிற ஆசை இருக்கிறவங்க வெளியில வாங்கித்தான் மாட்டணும்.

இங்கதான் கதை திரும்புது. ஜெர்மனியின் தர நிர்ணய அமைப்புக்குப் பேர் ‘டின்’. கார் ரேடியோ இந்த அளவுதான் இருக்கணும்னு அவங்க ஒரு விதி போட்டாங்க. முகப்பு 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். 1980கள்ல அது ஐ.எஸ்.ஓ. 7736ங்கிற உலகத் தரமாவும் ஆச்சு. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல போய் ‘சிங்கிள் டின் செட்’னு கேக்குறோமே, அந்த டின் இதுதான்.

நான் கோட் எழுதிப் பிழைக்கிற ஆள். ஸ்டாண்டர்டுன்னா எங்களுக்கு ஒரு பாசம். எந்தக் கம்பெனி ஸ்டீரியோவா இருந்தாலும் எந்தக் காரிலும் உக்காரும், வேணும்னா மாத்திக்கலாம். எவ்வளவு அழகான விஷயம்! நிறைய டின் செட்டுகளோட முகப்புல ரெண்டு பக்கமும் குட்டித் துளைகள் இருக்கும். ‘யு’ வடிவக் கம்பிச் சாவி ரெண்டை அதுல சொருகி இழுத்தா, மொத்த செட்டும் வழுக்கிக்கிட்டு வெளிய வந்துடும்.

மெக்கானிக்குக்கு எது வசதியோ, திருடனுக்கும் அதேதான் வசதி. ஒரு காரில் உருவினதை வேற எந்தக் காரிலும் மாட்டலாம்னா, உருவினவனுக்கு ஊர் முழுக்க வாடிக்கையாளர்கள். கடையில புதுசு வாங்க முடியாதவர், தெருவுல பாதி விலைக்குக் கிடைச்சா எங்கேர்ந்து வந்ததுன்னு கேக்க மாட்டார். திருடனைப் பத்தி எல்லாரும் பேசுறோம். வாங்கினவரைப் பத்திப் பேசுறதே இல்லை. அவர் இல்லைன்னா இந்தத் தொழிலே இல்லை.

அன்னைய நியூயார்க் எப்படி இருந்ததுன்னு புரிய ஒரு எண் சொல்றேன். 1990ல அந்த நகரத்தில் 1,40,000க்கும் மேற்பட்ட முழுக் கார்களே திருடு போச்சு. அதுல ரேடியோவுக்கு ஏது பாதுகாப்பு?

மக்கள் என்ன பண்ணாங்க? முதல்ல ‘பென்ஸி பாக்ஸ்’னு ஒண்ணு வந்தது. கைப்பிடி வச்ச தட்டுல ஸ்டீரியோ இருக்கும். காரை நிறுத்தினதும் உருவிக் கையில எடுத்துக்கிட்டுப் போகணும். ஹோட்டலுக்குச் சாப்பிடப் போனாலும், சினிமாவுக்குப் போனாலும் கையில ஒரு செங்கல் கனத்துக்கு ஸ்டீரியோ. அடுத்து, முகப்பை மட்டும் கழட்டிப் பாக்கெட்ல போட்டுக்கிற மாடல் வந்தது. இந்த ரெண்டுமே பாதுகாப்பு வேலையை ஓனர் தலையில கட்டின ஏற்பாடுகள். ஒரு நாள் மறந்தா போச்சு.

மூணாவது வழிதான் எனக்குப் பிடிச்சது. ரகசிய எண். பேட்டரி இணைப்பு போனா செட் பூட்டிக்கும். ஹோண்டா கார் வச்சிருந்தவங்களுக்குத் தெரியும், திரையில ‘கோட்’னு மட்டும் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கும். சரியான எண் போட்டாத்தான் பாடும். இது திருடுறதைத் தடுக்கலை. உருவுறது முன்ன மாதிரியே சுலபம்தான். வித்த பிறகு அது பாடாது, அவ்வளவுதான். ஏமாந்து வாங்கினவர் ரெண்டாவது தடவை வாங்க மாட்டார். ஆனா அந்தச் சேதி தெரு வரைக்கும் போய்ச் சேர்ற வரை கண்ணாடி உடைஞ்சுக்கிட்டுத்தான் இருந்தது. இந்தக் காரில் பூட்டு இருக்குன்னு திருடனுக்குத் தெரியணும்னுதான் ஸ்டிக்கரும், கண் சிமிட்டுற சின்னச் சிவப்பு விளக்கும் வச்சாங்க.

அதுக்கப்புறம் எல்லாமே சேர்ந்து நடந்தது. நியூயார்க்கில் பொதுவாவே குற்றங்கள் குறைஞ்சது. எலெக்ட்ரானிக்ஸ் விலை இறங்கினது. கார் கம்பெனிகளே நல்ல ஸ்டீரியோ கொடுக்க ஆரம்பிச்சாங்க. டேஷ்போர்டோட சேர்த்தே வார்த்த மாதிரி விதவிதமான வடிவங்கள்ல திரை வந்தது. பல கார்கள்ல அந்தத் திரை அந்த ஒரு வண்டியோட அடையாள எண்ணுக்கு மட்டும்தான் வேலை செய்யும். 2014ல கார்ப்ளே, அடுத்த வருஷம் ஆண்ட்ராய்டு ஆட்டோ. பாட்டு போனுக்குப் போயிடுச்சு. 50 மில்லிமீட்டர் பெட்டிக்கு மவுசு போச்சு, வாங்குறதுக்கும் ஆள் இல்லை.

அப்போ கண்ணாடி உடையறது நின்னுச்சான்னு கேட்டா, இல்லை. 2017ல சான் பிரான்சிஸ்கோவில் 30,000க்கும் மேற்பட்ட கார் உடைப்புப் புகார்கள். இந்தத் தடவை தேடினது பின் சீட்ல இருக்கிற லேப்டாப்பும் பையும். ஜெர்மனியில் விலை உயர்ந்த கார்களோட நேவிகேஷன் திரையையும் ஸ்டீயரிங்கையும் கும்பலா வந்து கழட்டிக்கிட்டுப் போறாங்க. அமெரிக்காவில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். சைலன்சர் குழாய்ல புகையைச் சுத்தப்படுத்துற பாகம் அது. உள்ள ரோடியம்னு ஒரு உலோகம் இருக்கு. 2021ல அதோட விலை ஒரு அவுன்ஸ் 20,000 டாலரைத் தாண்டினது. ரம்பத்தை எடுத்துக்கிட்டு காருக்கு அடியில படுத்துட்டாங்க.

2022 நவம்பர்ல அமெரிக்க நீதித்துறை ஐந்து மாநிலங்கள்ல 21 பேரைப் பிடிச்சாங்க. அறுத்தவங்களோட நிக்காம, வாங்கி வித்தவங்க வரைக்கும் போனாங்க. அரசு பறிமுதல் செய்யக் கேட்ட தொகை 54 கோடி டாலருக்கும் மேல. ரோடியம் விலையும் 2023ல பல மடங்கு இறங்கினது. அப்புறம் அந்தத் திருட்டும் குறைஞ்சது. ஸ்டீரியோ கதையேதான். வாங்குற கை விலகினா, உடைக்கிற கையும் விலகிடும்.

இப்போ போனுக்கு வருவோம். 2013ல ஐபோனில் ஆக்டிவேஷன் லாக் வந்தது. திருடின போன் அடுத்தவன் கையில திறக்காது. அதே ரகசிய எண் ஐடியா. அதனால போனைப் பிரிச்சு உதிரி பாகமா விக்க ஆரம்பிச்சாங்க. 2024ல அந்தப் பூட்டு பாகங்களுக்கும் வந்தாச்சு. திருட்டுக்கு இது நல்ல மருந்துதான், ஒத்துக்கறேன். ஆனா தெருமுனை ரிப்பேர் கடைக்காரர் பழைய போன்ல இருந்து நியாயமா எடுத்த திரையை மாட்டினாலும், ‘இது எந்தப் பாகம்னு தெரியலை’ன்னு போன் புகார் சொல்லிக்கிட்டு இருந்த காலம் உண்டு. திருடனையும் மெக்கானிக்கையும் அந்தப் பூட்டால பிரிச்சுப் பார்க்க முடியலை.

எனக்கு உறுத்துற இடம் இதுதான். பழைய ஹோண்டா காரோட ஒரு சின்ன அட்டை கொடுப்பாங்க. ரகசிய எண் அதுல இருக்கும். பேட்டரி மாத்தினா, அந்த எண்ணை நீங்களே போட்டுத் திறந்துக்கலாம். பூட்டும் இருந்தது, சாவியும் ஓனர்கிட்ட இருந்தது. இன்னைக்கு வர்ற காரிலும் போனிலும் பூட்டு நம்ம பொருள்ல இருக்கு, சாவி கம்பெனி சர்வர்ல இருக்கு.

அடுத்த தடவை ஏதாவது வாங்கும்போது ரெண்டு கேள்வி கேளுங்க. பழைய பொருள்னா, ‘இது எங்கேர்ந்து வந்தது?’ புதுப் பொருள்னா, ‘இதோட சாவி யார்கிட்ட இருக்கு?’

உங்க வீட்டுக் கார்ல இருந்து ஸ்டீரியோ போன அனுபவம் அப்பா, சித்தப்பா யாருக்காவது இருந்தா, அவங்ககிட்டயே கேட்டு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.