பானை தலைக்கு ஏறிய கதை

என் கதை ஒன்றில், சாரத்திலிருந்து விழுந்த சித்தாள் ஒருவனுக்கு 'மண்டையில் அடி' என்று எழுதியிருந்தேன். அச்சில் அது 'சிரசில் அடி' என்று வந்தது. கல் சுமக்கிறவனுக்குச் சிரசு ஏது? கேட்டதற்கு, "மண்டை கொச்சை ஐயா!" என்றார் திருத்திய நண்பர். அன்று அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன்.

பிரெஞ்சு மொழியில் தலைக்கு 'தேத்' என்று பெயர். அதன் தாய் லத்தீன். ஆனால் லத்தீனில் தலைக்குரிய கௌரவமான சொல் 'காபுத்'. 'தெஸ்தா' என்றால் சுட்ட மண்ணால் செய்த பானை, ஓடு, அவ்வளவுதான். கி.மு. 58-ல் ஜூலியஸ் சீஸர் கால் நாட்டின்மேல் படையெடுத்தார். படைவீரர்களும் வியாபாரிகளும் பேசிய லத்தீன்தான் அங்கே வேரூன்றிப் பிற்காலத்தில் பிரெஞ்சு ஆயிற்று. பேச்சு வழக்கில் யாரோ வேடிக்கையாகத் தலையைப் 'பானை' என்றிருக்க வேண்டும். நான்காம் நூற்றாண்டில், போர்தோ நகரத்துக் கவிஞர் ஔஸோனியஸ், மண்டையோட்டையே 'தெஸ்தா' என்று எழுதிவிட்டார். நாளடைவில் வேடிக்கை மறந்து போயிற்று, சொல் நிலைத்துவிட்டது. 'தெஸ்த்' என்று பழைய பிரெஞ்சில் இருந்த 'ஸ்' ஒலியும் தேய்ந்து மறைந்தது. 1740-ல் பிரெஞ்சு அகாடமியின் அகராதி அந்த எழுத்தையும் நீக்கிவிட்டு, நினைவுச் சின்னம்போல் 'ஏ'யின்மேல் ஒரு சிறு கூரையைக் கவிழ்த்தது.

சரி, கௌரவமான 'காபுத்' என்ன ஆயிற்று? அது 'ஷெஃப்' என்று உருமாறித் தலைவனைக் குறித்தது; நம் தலையிலிருந்து தலைவன் வரவில்லையா, அதுபோல. பிறகு சமையற்கட்டின் தலைவனுக்கும் அதுவே பட்டமாயிற்று. இன்று உலகின் பல பகுதிகளில் 'ஷெஃப்' என்றால் சமையற்காரர்தான். பானை தலைக்கு ஏறியது. தலை அடுப்பங்கரைக்குப் போயிற்று!

பண்டிதர்கள் சிரிக்க வேண்டாம். 'கபாலம்' என்ற வடமொழிச் சொல்லுக்கும் ஓடு, பிச்சைப் பாத்திரம், மண்டையோடு என்று பல பொருள் உண்டு. நம் மண்டை மட்டும் என்னவாம்? புறநானூற்றிலே பாணர்கள் உணவுக்காக ஏந்திய கலத்தின் பெயரே மண்டை. பசித்தவன் கையிலிருந்த பாத்திரம் அது. கொச்சை என்று ஒதுக்கப்பட்ட சொல்லுக்கு இத்தனை வயது!

அந்தக் கதை புத்தகமாகும்போது, சித்தாளின் மண்டையை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிடுவதாக உத்தேசம்.