நூற்றுப் பதினொரு நாள் அரசு

பேரரசுகளின் வரலாற்றை நாம் பாடநூல்களில் விரிவாகப் படிக்கிறோம். அசோகரையும் அக்பரையும் அறியாத மாணவர் இலர். ஆனால், தேசப்படத்தில் ஒரு புள்ளியாகத் தோன்றி, அப்படத்தின் மறுபதிப்பு வெளிவருமுன்பே மறைந்துபோன சிற்றரசுகளும் உலகில் பல உண்டு. அவற்றிற்கு நூலாசிரியர்கள் ஓர் அடிக்குறிப்புக்கு மேல் இடம் அளிப்பதில்லை. அத்தகைய ஓர் அரசைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அதன் ஆயுள் 111 நாள். அது இருந்த இடம் தூத்துக்குடிக்கு வடமேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாஞ்சாலங்குறிச்சி.

அங்கே செல்லுமுன், சிற்றரசுகளுக்குப் பேர்போன இத்தாலி நாட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வருவோம். பார்மா, மோடினா, தஸ்கனி என்று பல கோமகன்கள் ஆண்ட சிறு நாடுகள் அங்கே அடுத்தடுத்து இருந்தன. நெப்போலியன் தலையெடுத்த காலத்தில் அவற்றின் கதி, சதுரங்கப் பலகையில் காய்களின் கதியாயிற்று. 1801-ஆம் ஆண்டு மார்ச்சு 21-ஆம் நாள் பிரான்சும் ஸ்பெயினும் அராங்குவேஸ் என்னுமிடத்தில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி தஸ்கனி நாடு ‘எட்ரூரியா’ என்னும் புதுப் பெயர் பெற்றது. பார்மா கோமகனின் மகன் லூயி அதற்கு அரசனானான். அவன் 1803-இல் இறந்தான். அவன் மனைவி மரியா லூயிசா தன் சிறு மகன் பெயரால் ஆண்டாள். 1807-இல் நெப்போலியன் அந்நாட்டை வேண்டுமென்றான். அவளும் முடியைத் துறந்து புறப்பட்டாள். கையெழுத்தினால் பிறந்த அரசு கையெழுத்தினாலேயே மடிந்தது. அது பிறந்தபோது மக்களை யாரும் கேட்கவில்லை. அது மடிந்தபோது அதற்காக வாளெடுத்தவரும் இலர்.

அதே 1801-ஆம் ஆண்டில், அதே மார்ச்சு மாதத்தில், நம் தென்பாண்டிச் சீமையில் ஒரு மண்கோட்டைக்குள் வேறொரு சிற்றரசு உயிரோடு இருந்தது. அதற்கு உடன்படிக்கை இல்லை. முடிசூட்டு விழா இல்லை. அதனை ஏற்றுக்கொண்டு தூதரை அனுப்பிய பெருநாடும் இல்லை. அது எவ்வாறு பிறந்தது?

மதுரை நாயக்கர் காலத்தில் தென்னாடு பல பாளையங்களாக வகுக்கப்பட்டிருந்தது. விசுவநாத நாயக்கரும் அவர்தம் அமைச்சர் அரியநாத முதலியாரும் வகுத்த பாளையங்கள் 72 என்று சொல்லுவர். பாளையக்காரர் வரி தண்டினர், காவல் புரிந்தனர், வேண்டும்போது மன்னனுக்குப் படை அனுப்பினர். நாயக்கர் ஆட்சி மறைந்தபின் ஆர்க்காட்டு நவாபு அவர்களிடம் கப்பம் கேட்டார். நவாபோ கம்பெனியாரிடம் கடன்பட்டிருந்தார். 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையினால், பாளையக்காரரிடம் கப்பம் தண்டும் உரிமை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று முதல் பூசல் முற்றிற்று.

பாளையக்காரர் யாவரும் மாசற்றவர் என்று நான் கூற வரவில்லை. அவர்கள் எல்லைக்காகத் தம்முள் போரிட்டனர். பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்திற்கும் தீராத பகை இருந்தது. அப்பகையே பின்னர் ஆங்கிலேயருக்குப் பெருந்துணையாயிற்று. இதனையும் மனத்திற் கொண்டே நாம் மேலே செல்ல வேண்டும்.

1799-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினான். கோட்டை வீழ்ந்தது. தப்பிச் சென்ற வீரபாண்டிய கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டு, அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். பெரும்பாலான நூல்களில் பாஞ்சாலங்குறிச்சியின் கதை இங்கே முடிந்துவிடுகிறது. நான் சொல்ல வந்த கதையோ இதன் பிறகுதான் தொடங்குகிறது.

கட்டபொம்மனின் தம்பியர் இருவர் பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் குமாரசாமி. பேச்சுத் திருந்தாதவர், ஆதலால் மக்கள் அவரை ஊமைத்துரை என்றே அழைத்தனர். மற்றவர் செவத்தையா. 1801 பிப்ரவரி 2-ஆம் நாள் மாலை. மேஜர் மெக்காலேயின் இல்லத்தில் ஆங்கில அதிகாரிகள் விருந்துண்டுகொண்டிருந்தனர். அவ்வேளையில், மாறுவேடத்தில் வந்திருந்த அவர்தம் ஆட்கள் காவலரைத் தாக்கிச் சிறையிலிருந்தோரை மீட்டனர். விடியுமுன் ஏறத்தாழ 30 மைல் கடந்து அனைவரும் பாஞ்சாலங்குறிச்சியை அடைந்தனர்.

அங்கே கோட்டை இல்லை. பானர்மன் அதனை இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தான். மெக்காலே படை திரட்டிக்கொண்டு பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் அவ்விடத்தை அணுகியபோது, வெறும் மண்மேட்டைக் காண்போம் என்றே எண்ணினான். ஆனால் மதில் எழுந்து நின்றது. அதன்மேல் சுமார் 1,500 வீரர் நின்றனர். ஆறே நாளில் ஊரார் மண் சுமந்து அக்கோட்டையை மீண்டும் எழுப்பிவிட்டனர்! போதிய பீரங்கியின்றி வந்த மெக்காலே பாளையங்கோட்டைக்குத் திரும்ப நேர்ந்தது.

இவற்றையெல்லாம் நமக்குக் கூறுபவர் யார் தெரியுமா? எதிர்ப்படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கில அதிகாரியே. 1830-இல் இலண்டனில் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் இப்போரை அவர் விரிவாக எழுதியிருக்கிறார். பகைவன் எழுதிய சான்றுக்கு வரலாற்றில் தனி மதிப்பு உண்டு. தன் தோல்வியைப் பெருக்கிச் சொல்ல அவனுக்குக் காரணம் இல்லை அல்லவா?

வெல்ஷ் தரும் கணக்கின்படி அக்கோட்டை நீளத்தில் சுமார் 500 அடி, அகலத்தில் 300 அடி. மதிலின் உயரம் 12 அடி. கல்லில்லை, சுண்ணாம்பில்லை, முழுவதும் மண். உங்களுட் பலர் படிக்கும் கல்லூரியின் விளையாட்டுத் திடலே இதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். அந்தச் சிறு வட்டத்திற்குள் இருந்துகொண்டு, உலகின் பல கடல்களில் கப்பல் செலுத்திய ஒரு வல்லரசை அவர்கள் எதிர்த்தனர்.

ஊமைத்துரையைப் பற்றி வெல்ஷ் எழுதியிருப்பது படித்தவர் மனத்தை விட்டு அகலாது. மெலிந்த உடலினர்; பேச இயலாதவர். ஆயினும் அவர் ஓர் அசைவு காட்டினால் மக்கள் அதனைத் தெய்வ வாக்காகக் கொண்டனர். சிறு துரும்புகளை இடக்கையில் அடுக்குவார். அவை ஆங்கிலப் படை. வலக்கையால் அவற்றை ஒரே வீச்சில் வாயினால் ஓர் ஒலி எழுப்பியவாறு துடைத்தெறிவார். அதுவே அவருடைய போர் ஆணை! நாவன்மையால் மக்களை ஈர்த்த தலைவர் பலரை நாம் அறிவோம். நாவே இல்லாமல் ஒரு நாட்டை நிமிர்த்தியவர் வேறு எவரேனும் உளரோ என நான் வியந்ததுண்டு.

இனி, தூத்துக்குடிக்கு வருவோம். முத்துக் குளிப்பாலும் சங்கு குளிப்பாலும் புகழ்பெற்ற அத்துறைமுகத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் 1658-இல் கைப்பற்றினர். 1795-இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. அங்கே ஒரு சிறு காவற்படையே இருந்தது. ஊமைத்துரையின் வீரர் அதனைச் சூழ்ந்து பணியவைத்தனர். துறைமுகத்துக்குப் பொறுப்பாயிருந்த ஆங்கில அதிகாரியைச் சிறைபிடித்துப் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுசென்றனர். அவர் மனைவி தன்னந்தனியே பின்தொடர்ந்து சென்று, கணவனை விடுவிக்குமாறு வேண்டினார். தமையனைத் தூக்குமரத்துக்குப் பறிகொடுத்த ஊமைத்துரை என்ன செய்தார்? அவரை விடுதலை செய்தார். அவர்தம் உடைமைகளையும் திருப்பிக் கொடுக்கச் செய்தார். இதனை வெல்ஷே எழுதிவைத்துள்ளார். ‘அரசு’ என்ற சொல்லுக்கு நாம் இலக்கணம் தேடுவோமாயின், கருவூலத்தையும் நாணயத்தையும் எண்ணுமுன் இச்செயலை எண்ண வேண்டும். பகைவனின் மனைவிக்கும் நீதி கிடைக்கும் இடமே அரசு.

மார்ச்சு 31-ஆம் நாள், எட்ரூரியா உடன்படிக்கை கையெழுத்தாகிப் பத்தாம் நாள், மெக்காலே பெரும்படையுடன் மீண்டும் வந்தான். பீரங்கிகள் மதிலை உடைத்தன. உடைப்பில் ஏறிய வீரரை உள்ளிருந்தோர் நீண்ட ஈட்டிகளால் குத்தி வீழ்த்தினர். முன்னணியில் சென்ற ஐரோப்பியருள் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காயமுற்றனர். படை பின்வாங்கியது. அன்று வீழ்ந்தவருக்காக எழுப்பிய கல்லறைகளைப் பாஞ்சாலங்குறிச்சிப் பகுதியில் நான் பார்த்திருக்கிறேன். இளைஞர்கள், எங்கோ பிறந்து, எதற்கென்று தெளிவாக அறியாமலேயே இம்மண்ணில் மடிந்தவர்கள். அக்கற்களின் முன் நின்றபோது எனக்கு வெற்றிக் களிப்புத் தோன்றவில்லை.

இதன்பின் கர்னல் அக்னியூ தலைமையில் புதுப் படைகளும் பெரும் பீரங்கிகளும் வந்து சேர்ந்தன. மே 24-ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. பிப்ரவரி 2-ஆம் நாளிலிருந்து எண்ணினால் 111 நாள்.

அது வீழ்ந்தமைக்குப் பீரங்கி மட்டுமே காரணமன்று. அண்டைப் பாளையமான எட்டயபுரம் கம்பெனியின் பக்கம் நின்றது. மேலும், தூத்துக்குடித் துறையைக் கைப்பற்றியவர்களுக்குக் கடலைக் கைப்பற்றும் வழி இல்லை. ஒரு படை அழிந்தால் மற்றொரு படையைக் கொணரக் கம்பெனிக்குக் கடல்வழியும் நிலவழியும் திறந்திருந்தன. மண்கோட்டைக்காரர்க்கோ இழந்த ஒவ்வொருவனும் இழந்தவனே. இத்தாலியக் கோமகன்கள் அறிந்த உண்மைதான் இது: சிறிய நாடு தனித்து நிற்க இயலாது, துணை வேண்டும். அத்துணையைத் தேடியே ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குச் சென்றார்.

அவர் சென்றதும் ஒரு கதை. படுகாயமுற்றுப் பிணக்குவியலிடையே கிடந்தார். தன் மகனைத் தேடி வந்த ஒரு தாய், உயிர் ஊசலாடும் நிலையில் அவனைக் கண்டாள். அவனோ, ‘என்னை விடு, சாமியைக் காப்பாற்று’ என்னும் பொருள்பட வேண்டினான். அவள் ஊமைத்துரையைத் தன் ஊருக்குக் கொண்டுசென்றாள். தேடி வந்த எட்டயபுரத்து ஆட்களிடம், அம்மையால் இறந்தவன் உடல் என்று கூறி அவரை மறைத்தாள். அத்தாயின் பெயர் எழுதப்படவில்லை. எட்ரூரியாவின் அரசிக்கு அத்தகைய குடிகள் வாய்த்திருந்தால் அவள் கதை எப்படி முடிந்திருக்குமோ!

மருது சகோதரரோடு சேர்ந்து தொடர்ந்த போரும் தோல்வியில் முடிந்தது. 1801 அக்டோபர் 24-ஆம் நாள் மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். நவம்பர் 16-ஆம் நாள் ஊமைத்துரையும் செவத்தையாவும் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டனர். 1802 பிப்ரவரியில் கிளர்ச்சியாளர் 73 பேர் ‘அட்மிரல் நெல்சன்’ என்னும் கப்பலில் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர். அவர்களுள் சின்ன மருதுவின் இளம் புதல்வர் துரைசாமியும் ஒருவர். கப்பல் புறப்பட்ட துறை எது? தூத்துக்குடியே. ஓராண்டுக்கு முன் ஊமைத்துரையின் வீரர் வென்ற அதே கரை! 1818-இல் பினாங்குக்குச் சென்ற வெல்ஷ், முதுமை வருமுன்பே மூத்துத் தளர்ந்த ஒருவரைக் கண்டு, அவர் துரைசாமி என்று அறிந்து மனம் கலங்கினார்.

கோட்டை இருந்த இடத்தைக் கம்பெனியார் உழுது ஆமணக்கு விதைத்தனர். பாஞ்சாலங்குறிச்சி என்னும் பெயரையே ஊர்ப் பதிவேடுகளிலிருந்து நீக்கினர். 1803-இல் பாளையங்கள் ஜமீன்களாயின. வாளேந்தியவர் வரி கட்டுபவராயினர். ஆனால் நாட்டுப்புறக் கதைப்பாடல்களிலிருந்து அப்பெயரை நீக்க எந்த அலுவலகத்தாலும் இயலவில்லை. 1968–69-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அவ்விடத்தை அகழ்ந்தது. 1974-இல் தமிழக அரசு அங்கே நினைவுக் கோட்டை எழுப்பியது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். பாஞ்சாலங்குறிச்சியை அடுத்தது ஒட்டப்பிடாரம். 1872-இல் அங்கே பிறந்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. ஊமைத்துரைக்குக் கைவராத கடலையே அவர் நாடினார். 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிக் கொழும்புக்குக் கப்பல் விட்டார். மண்கோட்டையின் குறை எங்கே இருந்தது என்பதை அவ்வூர் நூறாண்டு மறவாமல் எண்ணிக்கொண்டிருந்ததோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மாணவ நண்பர்களே! வரலாற்றில் ஓர் அரசின் ஆயுளை ஆண்டுக்கணக்கால் மட்டும் அளக்காதீர்கள். அதன் மதிலுக்கு மண் சுமந்தவர் யார், அது வீழ்ந்தபோது அழுதவர் யார் என்றும் கேளுங்கள். தூத்துக்குடிக்குச் செல்லும் வாய்ப்பு நேர்ந்தால், முத்துக்கடலைக் கண்டதோடு திரும்பிவிடாமல், பாஞ்சாலங்குறிச்சிக்கும் சென்று வாருங்கள். பழைய கோட்டையின் அடித்தளத்தை ஒருமுறை சுற்றி நடக்கச் சில நிமிடங்களே ஆகும். அவ்வளவு சிறிய இடம் அது.