களைத்த இதயம் நடக்கக் கற்ற கதை

எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர் ‘பம்பிங் கம்மியா இருக்கு’ என்று சொல்லிவிட்டால், நம் வீடுகளில் அன்றே ஒரு சட்டம் அமலுக்கு வந்துவிடும். மாடி ஏறக்கூடாது. வாளி தூக்கக்கூடாது. கோயிலுக்கு ஆட்டோவில்தான் போக வேண்டும். முடிந்தால் கட்டிலை விட்டே இறங்க வேண்டாம். அன்பினால் போடுகிற சட்டம்தான். ஆனால் மருந்துகள் ஒரு நிலைக்கு வந்தபின், அதே நோயாளியை நடக்கச் சொல்கிறது, சைக்கிள் மிதிக்கச் சொல்கிறது இன்றைய இதய மருத்துவம். சிலருக்கு மூச்சை இழுக்கும் தசைகளுக்கென்று தனியாகப் பளுவும் கொடுக்கிறது. இந்த யோசனை புதியது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டு, பலமுறை தொலைந்துபோய், ஊர் ஊராக அலைந்து வந்திருக்கிறது.

அதன் பழைய தடம் ஒன்று லண்டனில் கிடைக்கிறது. நெஞ்சுவலியை ‘ஆஞ்சைனா’ என்று பெயரிட்டு 1772இல் விவரித்த வில்லியம் ஹெபர்டன், தன் நோயாளி ஒருவரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு விட்டுச் சென்றார். அந்த மனிதர் தினமும் அரை மணி நேரம் மரம் அறுப்பதைத் தனக்குத் தானே வேலையாக வைத்துக்கொண்டார். நோய் ஏறக்குறைய குணமாகிவிட்டது. ஹெபர்டன் இதற்கு விளக்கம் எதுவும் தரவில்லை. ஆனாலும் பார்த்ததை எழுதி வைத்தாரே, அது பெரிய உபகாரம். 1854இல் டப்ளின் மருத்துவர் வில்லியம் ஸ்டோக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், பலவீனப்பட்ட இதயம் உள்ளவர்கள் படிப்படியாக நடந்து பழகலாம் என்று தன் இதயநோய் நூலில் எழுதினார்.

அதை ஒரு முறையாக வளர்த்தவர் மியூனிக்கின் மாக்ஸ் யோசஃப் ஏர்ட்டல். அடிப்படையில் அவர் தொண்டை மருத்துவர். குரல்நாண்களின் அதிர்வை விட்டுவிட்டு ஒளிரும் விளக்கால் பார்க்கும் முறையை உருவாக்கியவர்களில் ஒருவர் என்று குரல் மருத்துவர்கள் அவரை இன்றும் நினைவுகூர்கிறார்கள். தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் 1880களில் இதயத்துக்கு வந்து, மலைப்பாதைகளைச் சரிவுக்கு ஏற்றபடி தரம் பிரித்தார். சமதளம், மெல்லிய ஏற்றம், செங்குத்து என ஒவ்வொரு பாதைக்கும் அடையாளக் குறிகள் நடப்பட்டன. நோயாளி எளிதான பாதையில் தொடங்கி வாரக்கணக்கில் மேலே ஏற வேண்டும். கூடவே தண்ணீர் அளவாகக் குடிக்க வேண்டும். பவேரியாவிலும் ஆல்ப்ஸ் மலையடிவாரத்திலும் இருந்த ஓய்வூர்களுக்கு இது நல்ல வியாபாரமாக அமைந்தது. மூச்சு வாங்கும் பணக்காரர்கள் வந்து தங்கினார்கள். தங்குபவர்களுக்காகப் பாதைகள் நீண்டன. போட்டியாளர்களும் கிளம்பினார்கள். பாட் நௌஹைம் என்ற வெந்நீரூற்று ஊரில் ஷோட் சகோதரர்கள் நுரைக்கும் ஊற்றுநீர்க் குளியலையும், உதவியாளர் கையால் எதிர்விசை கொடுக்க நோயாளி மெதுவாகக் கைகால் அசைக்கும் பயிற்சியையும் சேர்த்துத் தந்தார்கள். அந்தக் குளியலைத் தேடி ஆங்கிலேயர்களும் வந்து சேர்ந்தார்கள்.

இவர்களுக்கு முன்பே ஸ்டாக்ஹோமில் குஸ்தாவ் சாண்டர் என்ற மருத்துவர், உதவியாளரின் கைக்குப் பதிலாக இயந்திரங்களை வைத்தார். நெம்புகோல், எடைக்கல், பட்டை, சக்கரம் எல்லாம் கொண்ட அவருடைய நிலையம் 1865இல் திறந்தது. இன்றைய ஜிம்முக்கு முப்பாட்டன் என்றே அதைச் சொல்லலாம். ஐரோப்பாவும் அமெரிக்காவும் அதை வாங்கின, நகலெடுத்தன. அந்த நாகரிகத்தின் உச்சம் டைட்டானிக் கப்பல். அதன் உடற்பயிற்சி அறையில் மின்சாரத்தில் ஆடும் ஒட்டகம்கூட இருந்தது.

டைட்டானிக் மூழ்கிய அதே 1912இல்தான் காற்று திசைமாறியது. சிகாகோவின் ஜேம்ஸ் ஹெரிக், இதயத் தமனி திடீரென அடைபட்டும் மனிதர் உயிர் பிழைக்க முடியும் என்று காட்டி, அப்படிப் பிழைத்தவர்களுக்கு முழுப் படுக்கை ஓய்வு வேண்டும் என்றார். 1939இல் பாஸ்டனில் பிணப் பரிசோதனைகளை ஆராய்ந்தவர்கள், இதயத்தில் ஏற்பட்ட காயம் தழும்பாக ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகிறது என்று கண்டார்கள். உடைந்த எலும்பை அசைக்கக்கூடாது என்றால் கிழிந்த இதயத்தை மட்டும் அசைக்கலாமா? கேள்வி நியாயமாகத்தான் பட்டது. ஆறு வாரம் கட்டில் என்பது வழக்கமாயிற்று. நோயாளிக்குச் சோறு ஊட்டிவிட்டார்கள், முகம் மழித்துவிட்டார்கள், தானாகப் புரண்டு படுக்கவும் விடவில்லை. காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்து இறந்தவர்களும் இருந்தார்கள். அந்தச் சாவும் பெரும்பாலும் இதயத்தின் கணக்கில்தான் எழுதப்பட்டது. எத்தனை பேரை அந்தக் கட்டில்கள் தின்றன என்று நினைத்தால் மனம் கனக்கிறது. இதயம் வீங்கிப் பலமிழந்தவர்களுக்கு அந்தத் தண்டனை இன்னும் நீண்டது. நியூ ஆர்லியன்ஸில் ஜார்ஜ் பர்ச் 1960களிலும் அவர்களை மாதக்கணக்கில், சிலரை ஓராண்டுக்கும் மேலாகப் படுக்கையில் வைத்தார். சிலருக்கு இதயம் சுருங்கி நல்ல நிலைக்கு வந்ததை அவர் பதிவு செய்ததால், மற்றவர்களுக்கும் அந்த நம்பிக்கை தொற்றியது.

கட்டிலை முதலில் அசைத்தது ஒரு நாற்காலி. பாஸ்டனின் சாமுவேல் லெவைன், இதயம் தளர்ந்தவர்கள் படுத்தால் திணறுவதையும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் தெளிவதையும் நெடுநாளாகக் கவனித்து வந்தவர். மாரடைப்பு நோயாளிகளையும் முதல் நாட்களிலேயே நாற்காலியில் உட்கார வைத்தால் என்ன என்று கேட்டார். அவரும் இளையவரான பெர்னார்ட் லவுனும் 81 பேரை அப்படி உட்கார வைத்து, 1952இல் முடிவை வெளியிட்டார்கள். வார்டில் இருந்த பயிற்சி மருத்துவர்கள் கடுமையாக எதிர்த்ததாக லவுன் பின்னாளில் எழுதினார். நோயாளிகளோ தெம்பாகவே இருந்தார்கள். தாறுமாறான இதயத்துடிப்பை மின்னதிர்ச்சியால் சீராக்கும் நேர்மின்னோட்ட டிஃபிப்ரிலேட்டரைப் பிறகு உருவாக்கியவர் இந்த லவுன்தான். அணுப்போரைத் தடுக்க அவர் சோவியத் மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து தொடங்கிய அமைப்புக்கு 1985இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நாற்காலி ஆய்வு வெளிவந்த அடுத்த ஆண்டே லண்டனில் இருந்து இன்னொரு சேதி. ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் இரட்டை மாடிப் பேருந்துகளை ஆராய்ந்தார். நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. 1955இல் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது, அவரைக் கவனித்த பால் டட்லி வைட் நாட்டுக்கே நடையை உபதேசித்தார். அதிபரும் மீண்டும் கோல்ஃப் ஆடினார். 1966இல் டாலஸில் ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கவே வைத்துச் சோதித்தார்கள். அவர்கள் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரையும் தேடிப்பிடித்து மறுபடி சோதித்தார்கள். முப்பது வருட முதுமை பறித்ததைவிட அந்த மூன்று வாரக் கட்டில் அதிகம் பறித்திருந்தது.

ஆனாலும் பம்பிங் குறைந்தவர்களுக்குக் கதவு சாத்தியே இருந்தது. அதில் முதல் கீறல் ஓர் எதிர்பாராத கணக்கினால் விழுந்தது. 1981இல் ஜோசஃப் ஃபிரான்சியோசா குழுவினர் இதயத்தின் பம்பிங் அளவையும் நோயாளி எவ்வளவு நடக்கிறார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் தொடர்பே தெரியவில்லை. பம்பிங் மிகக் குறைந்த ஒருவர் நன்றாக நடந்தார். அவரைவிடத் தேவலாம் என்று இருந்தவர் பத்தடியில் நின்றார். அப்படியென்றால் களைப்பு எங்கே குடியிருக்கிறது? இதயத்தின் குறை நாளடைவில் கால் தசையை மெலியவைத்து, அதன் தன்மையையே மாற்றிவிடுகிறது என்று பிறகு தெளிவாயிற்று. 1990இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆண்ட்ரூ கோட்ஸும் உடன் உழைத்தவர்களும் 11 நோயாளிகளின் வீட்டுக்கே சைக்கிள் கொடுத்தார்கள். எட்டு வாரம் மிதி, எட்டு வாரம் ஓய்வு என மாற்றி மாற்றி ஒப்பிட்டார்கள். மிதித்த காலத்தில் மூச்சிரைப்பு குறைந்தது, திறன் கூடியது. 2009இல் வெளிவந்த எச்எஃப்-ஆக்‌ஷன் ஆய்வில் 2,331 பேர் கலந்துகொண்டார்கள். பயிற்சி பாதுகாப்பானது என்பது அதில் உறுதியானது. உயிரிழப்பிலும் மருத்துவமனைச் சேர்க்கையிலும் கிடைத்த லாபம் அடக்கமானது. கொடுத்த பயிற்சியைப் பலர் முழுதாகத் தொடரவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

மூச்சுத் தசையின் கதை தனி ஆறாக ஓடிவந்தது. உதரவிதானமும் விலாத் தசைகளும் ஓயாமல் உழைப்பவை, அவற்றுக்கு மேலும் என்ன பயிற்சி என்றுதான் நினைத்திருந்தார்கள். 1976இல் டேவிட் லீத், மார்க் பிராட்லி இருவரும் ஆரோக்கியமானவர்களுக்கு ஐந்து வாரம் பயிற்சி கொடுத்தபோது மூச்சுத் தசையின் வலிமை பாதிக்கு மேல் கூடியது. கைத்தசை போலவே இதுவும் வளரும்! அந்த அறிவு முதலில் நுரையீரல் நோயாளிகளிடமும் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர்களிடமும் போனது. அவர்களுக்காகத்தான் கைக்கடக்கமான அந்தச் சிறு குழாய் வந்தது. அதற்குள் ஒரு சுருள்வில் வால்வு இருக்கிறது. குறித்த அளவு பலத்தோடு இழுத்தால்தான் அது திறந்து காற்று விடும். திருகைத் திருகினால் பளு கூடும். இதய நோயாளிகளுக்கு அது வந்துசேர்ந்தது தாமதமாகத்தான். அவர்களுடைய மூச்சுத் தசைகளும் பலமிழந்திருப்பதைக் கண்ட டோனா மான்சினி, 1995இல் அவற்றுக்குத் தனிப் பயிற்சி கொடுத்து, நடக்கும் திறன் உயர்வதைக் காட்டினார்.

மூச்சை இழுக்கும் தசை பலப்பட்டால் கால் ஏன் நன்றாக நடக்க வேண்டும்? விடை விஸ்கான்சினில் இருந்து வந்தது. ஜெரோம் டெம்ப்சியின் ஆய்வகத்தில், ஆரோக்கியமான சைக்கிள் வீரர்கள் உச்ச வேகத்தில் மிதிக்கும்போது மூச்சின் சுமையைக் கூட்டினால் காலுக்குப் போகும் ரத்தம் குறைந்தது. மூச்சைக் கருவி தாங்கிக்கொண்டபோது காலுக்கு ரத்தம் கூடியது. மூச்சுத் தசை தலைமடை வயல் என்றால் கால் கடைமடை. தலைமடை தண்ணீரை வாங்கிக்கொண்டால் கடைமடை காயும். ஆற்றிலேயே நீர் குறைந்திருக்கும் இதய நோயாளிக்கு நிலைமை இன்னும் மோசம்.

இதை நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தது பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம். 2006இல் அங்கே மூச்சுத் தசை பலவீனமான 32 இதய நோயாளிகள், வீட்டிலேயே தினமும் 30 நிமிடம், 12 வாரம், குழாய் வழியே மூச்சிழுத்தார்கள். பாதிப்பேருக்குப் பளு அவர்களது உச்ச பலத்தில் 30 சதவீதம். ஒப்பீட்டுக்காக மற்றவர்களுக்குப் பளுவில்லாத அதே குழாய் கொடுக்கப்பட்டது. பளு இழுத்தவர்களின் ஆக்சிஜன் உச்சத்திறன் 17 சதவீதம் உயர்ந்தது. மூச்சுப் பயிற்சி பெற்றவர்களின் கைகால்களுக்கு ரத்த ஓட்டம் மேம்படுவதையும் 2008இல் அதே ஊர்க் குழு காட்டியது. மறு ஆண்டு சைக்கிளையும் குழாயையும் ஒன்றாகவே கொடுத்துப் பார்த்தார்கள். சைக்கிளை மட்டும் மிதித்தவர்களைவிட, இரண்டையும் செய்தவர்கள் கூடுதல் பலன் பெற்றார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டில் 1990இல் கோட்ஸுடன் சைக்கிள் கொடுத்தவர்களில் ஸ்டமாட்டிஸ் அடமோபூலோஸ் என்ற கிரேக்கரும் ஒருவர். அவர் நாடு திரும்பி, கப்பல் முதலாளி ஒனாசிஸ் பெயரால் ஏதென்ஸில் நடக்கும் இதய மருத்துவமனையில் சேர்ந்தார். 2014இல் ஐரோப்பிய மருத்துவமனைகள் பலவற்றோடு சேர்ந்து இரு ஆறுகளையும் இணைத்துச் சோதித்தார். 43 பேருமே சைக்கிள் மிதித்தார்கள். பாதிப்பேருக்கு மட்டும் மூச்சுத் தசைக்கு உண்மையான பளு. பளு இழுத்தவர்களுக்கு மூச்சுத் தசை வலுத்தது, மூச்சிரைப்பு தணிந்தது, அன்றாட வாழ்க்கை இலகுவானது. ஆக்சிஜன் உச்சத்திறன் மட்டும் இரு அணிக்கும் ஒரே மாதிரிதான் உயர்ந்தது. என்னைக் கேட்டால், பேசிக்கொண்டே பத்தடி நடக்க முடிவதைத்தான் நோயாளி முதலில் கேட்பார். உச்சத்திறன் எண் அவருக்கு இரண்டாம்பட்சம்.

நம் ஊரில் பைபாஸ் முடிந்து வீடு திரும்புகிறவர்களின் பையில் மூன்று பந்து எழும்பும் பிளாஸ்டிக் கருவி ஒன்று இருக்கும். பலர் அதையே மூச்சுத் தசைப் பயிற்சி என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் ஊதவோ இழுக்கவோ செய்கிறார்கள். அது அறுவைக்குப் பிறகு நுரையீரலை விரிய வைப்பதற்கானது. தசைக்கு அளந்து பளு கொடுக்காது. பளுக்குழாயைத் தொடங்கும் முன் மூச்சிழுக்கும் அழுத்தத்தை அளக்க வேண்டும். நடையோ சைக்கிளோ தொடங்கும் முன் ட்ரெட்மில் சோதனை போன்ற ஒன்றும், டாக்டர், பிசியோதெரபிஸ்ட் இருவரின் கண்காணிப்பும் வேண்டும். கால் வீக்கம், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏறுவது, படுத்தால் மூச்சடைப்பது, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவை இல்லாதவரை, அப்பாவை மாடிப்படி ஏறவே கூடாது என்று தடுக்கும் முன், ‘இவர் எவ்வளவு நடக்கலாம்?’ என்று டாக்டரிடம் அடுத்த முறை கேட்டுவிடுங்கள்.