வீட்டுவளவுக் கோழியும் சட்டமும்
பிரித்தானிய அனுபவம்: ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு என்றவுடன் அரசர்களையும் போர்களையும் உடன்படிக்கைகளையும் எண்ணுவதே நீண்டகால வழக்கமாக இருந்து வந்துள்ளது. எனினும், ஒரு சமூகத்தில் யார் எதனை உண்டனர், அதனை எவ்வாறு பெற்றனர், அதற்கு யாருடைய அனுமதி வேண்டியிருந்தது என்னும் வினாக்களும் வரலாற்றுக்கு உரியனவே. வீட்டு வளவிலே நான்கு கோழிகளை வளர்ப்பது அற்பமான செயலாகத் தோன்றலாம். ஆயினும், பிரித்தானியாவில் இச்சிறு செயலை ஆண்ட விதிகளை நோக்குமிடத்து, அயலவன், நிலவுடைமையாளன், அரசு ஆகிய மூன்று சக்திகள் ஒரு குடும்பத்தின் முற்றத்தின்மீது செலுத்திய அதிகாரத்தின் வரலாறு தெளிவாகப் புலப்படுகின்றது.

கைத்தொழிற் புரட்சியின் விளைவாகக் கிராமங்களிலிருந்து நகரங்களுக்குப் பெயர்ந்த உழைக்கும் மக்கள், தம்முடன் கிராமிய வாழ்க்கை முறையினையும் கொண்டு சென்றனர். நெருக்கமான குடியிருப்புகளின் பின்புறங்களிற் பன்றிகளும் கோழிகளும் வளர்க்கப்பட்டன. கொள்ளைநோய்கள் பரவிய அக்காலத்தில், 1848ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமும் அதனைத் தொடர்ந்து 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமும் இயற்றப்பட்டன. பின்னைய சட்டம், சுகாதாரத்துக்குக் கேடு விளையும் வகையில் விலங்குகளை வளர்ப்பதைத் தடுக்கும் துணைவிதிகளை ஆக்கும் அதிகாரத்தை உள்ளூராட்சி அமைப்புகளுக்கு வழங்கியது. தொல்லையாகவோ உடல்நலத்துக்குக் கேடாகவோ அமையும் வகையில் வைத்திருக்கப்படும் எந்த விலங்கும் அச்சட்டத்தின்படி 'தொல்லை' எனக் கருதப்பட்டது. ஈண்டு மனங்கொள்ளத்தக்க உண்மை ஒன்றுண்டு. சட்டம் கோழியைத் தடைசெய்யவில்லை. கோழி வளர்க்கப்படும் முறையினையே வினாவியது. தொல்லை பற்றிய இத்தகைய ஆங்கிலச் சட்டச் சிந்தனை குடியேற்ற ஆட்சியின் வழியாக இலங்கையிலும் இடம்பெற்றது என்பதற்கு 1862ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் தொல்லைகள் கட்டளைச் சட்டம் சான்றாகும்.

பொதுச் சட்டத்திலும் கடுமையான தடை வேறொரு திசையிலிருந்து வந்தது. 1848ஆம் ஆண்டிலேயே இலண்டன் லெஸ்ரர் சதுக்கத்துப் பூங்கா தொடர்பான வழக்கொன்றில் முக்கியமான தீர்ப்பொன்று வழங்கப்பட்டது. நிலத்தை விற்பவர் அதன் பயன்பாடு குறித்து விதித்த கட்டுப்பாடு, அதனை அறிந்தே அந்நிலத்தைப் பின்னர் வாங்குபவரையும் கட்டுப்படுத்தும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். அவ்வழக்கின் பொருள் பூங்காவைத் திறந்த வெளியாகப் பேணுவதேயாயினும், அதில் நிலைபெற்ற கோட்பாடு வளர்ந்துவரும் புறநகர்ப் பகுதிகளிலே பல்வேறு கட்டுப்பாடுகளுக்கு வழி திறந்தது. வியாபாரம் நடத்தலாகாது, ஆடைகளை வெளியே உலர்த்தலாகாது, கோழி வளர்த்தலாகாது என்றெல்லாம் உறுதிகளிலும் வாடகை உடன்படிக்கைகளிலும் நிபந்தனைகள் எழுதப்பட்டன. 1919ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்துக்குப் பின் உள்ளூராட்சி மன்றங்கள் பெருந்தொகையாகக் கட்டிய வீடுகளிலும் இத்தகைய நிபந்தனைகள் இடம்பெற்றன.

இவ்விரு வகை விதிகளுக்குமிடையிலான வேறுபாடு அடிப்படையானது. துணைவிதியின் முன் நிற்கும் ஒருவன், தன் கோழிக்கூடு தூய்மையானது, அதனால் எவருக்கும் கேடில்லை என்று வாதிடலாம். ஒப்பந்தத்தின் முன் அவ்வாதம் செல்லாது. அங்கே கேடு நிரூபிக்கப்படவேண்டியதில்லை; கோழி இருப்பதே குற்றம். சுகாதாரத்தின் பெயரால் அன்றி மதிப்பின் பெயரால் விதிக்கப்பட்ட இத்தடையின் சுமை, முட்டையை விலை கொடுத்து வாங்க இயலாத குடும்பங்களின் மீதே பெரிதும் விழுந்தது.

இவ்விடத்தில் அயலவனின் உரிமையினைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. 1936ஆம் ஆண்டில் ஆங்கில நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கொன்றில், குடியிருப்புக்கு அண்மையில் வைத்திருக்கப்பட்ட ஏறத்தாழ 750 சேவல்கள் அதிகாலை இரண்டு மணி தொடக்கம் கூவியமை தொல்லை எனத் தீர்க்கப்பட்டு, அதனைத் தடுக்கும் கட்டளையும் பிறப்பிக்கப்பட்டது. உறக்கத்தை இழந்த அயலவனின் முறைப்பாடும் வீட்டின் தோற்றம் குன்றுமென அஞ்சிய உடைமையாளனின் தடையும் ஒரே தன்மையன அல்ல என்பதனை இவ்வழக்கு உணர்த்துகின்றது.

நிலைமையை முற்றாக மாற்றியது இரண்டாம் உலகப் போராகும். 1939இல் போர் மூண்டபோது பிரித்தானியாவின் கோழிப் பண்ணைகள் கடல்கடந்து வந்த தானியங்களிலே பெரிதும் தங்கியிருந்தன. ஜேர்மன் நீர்மூழ்கிகளின் தாக்குதலால் கப்பல்களில் இடம் அரிதாகவே, மனிதருக்கு உணவாகக்கூடிய தானியத்தைக் கோழிக்கு இடுவதா என்னும் வினா எழுந்தது. பண்ணைகளுக்கான தீன் குறைக்கப்பட்டது. கோழிகளின் தொகையும் வீழ்ந்தது. 1941 யூன் மாதம் தொடக்கம் முட்டை விநியோகம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. ஒருவருக்கு வாரம் ஒரு முட்டை என்பதே பொதுவான அளவாயிற்று. அதுவும் கிடைத்தாலே உண்டு. 1942இலிருந்து ஐக்கிய அமெரிக்காவின் முட்டைத் தூள் இக்குறையினை ஓரளவு நிரப்பியது. அதன் ஒரு பொதி 12 முட்டைகளுக்கு ஈடாகக் கொள்ளப்பட்டது.

பண்ணைக் கோழியைக் குறைத்த அதே அரசு வீட்டுக் கோழியை ஊக்குவித்தது முரணாகத் தோன்றலாம். இதற்கான விளக்கம் தீனிலேயே உள்ளது. பண்ணைக் கோழி தானியத்தைத் தின்றது. வீட்டுக் கோழியோ உருளைக்கிழங்குத் தோலையும் கோவா இலையையும் உணவு மிச்சத்தையும் முட்டையாக மாற்றியது. ஆகவே, தமது முட்டைப் பங்கீட்டுப் பதிவைக் கையளித்த குடும்பங்களுக்கு, சமையலறை மிச்சங்களுடன் கலந்து கொடுப்பதற்கென ஒருவகைத் தீன் மா பங்கீடாக வழங்கப்பட்டது. வீட்டுக் கோழி வளர்ப்போர் பேரவை என்னும் அமைப்பில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உறுப்பினராயினர். போரின் பிற்பகுதியில் அரசின் கணக்கிற்கு உட்பட்ட புதிய முட்டைகளில் ஏறக்குறைய காற்பங்கு இத்தகைய வீட்டு வளவுகளிலிருந்தே கிடைத்தது.

ஆயினும், வாடகை உடன்படிக்கை தடுக்குமாயின் இத்திட்டம் எவ்வாறு நடைபெறும்? இக்காரணத்தாலேயே போர்க்காலப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் கோழி வளர்ப்புக்கு எதிரான ஒப்பந்த நிபந்தனைகளை ஒதுக்கிவைத்தன. ஒரு நூற்றாண்டு காலம் அசையாதிருந்த நிலவுடைமையாளனின் அதிகாரம், நாட்டின் பசிக்கு முன்னே விலகிக்கொள்ள நேர்ந்தது.

நெருக்கடிக் காலத்தில் வழங்கப்படும் சலுகைகள் நெருக்கடி தீர்ந்ததும் மீளப்பெறப்படுவதே வழக்கமாகும். இங்கு அவ்வாறு நிகழவில்லை. அற்லியின் தொழிற்கட்சி அரசாங்கத்தின் காலத்தில் இங்கிலாந்துக்கும் வேல்சுக்குமென இயற்றப்பட்ட 1950ஆம் ஆண்டின் தோட்டத்துண்டுகள் சட்டம், தன் 12ஆம் பிரிவில் அவ்வுரிமையை நிலைபெறச் செய்தது. குத்தகையிலோ ஒப்பந்தத்திலோ எதிரான நிபந்தனை எதுவிருப்பினும், நிலத்தில் குடியிருப்பவர் வியாபார நோக்கமின்றிப் பேட்டுக்கோழிகளையும் முயல்களையும் வளர்க்கலாம். அவற்றுக்கு நியாயமாகத் தேவைப்படும் கூடுகளையும் அமைக்கலாம் என அப்பிரிவு கூறுகின்றது. எனினும், சுகாதாரத்துக்குக் கேடாகவோ தொல்லையாகவோ வளர்ப்பதற்கு அது இடமளிக்கவில்லை. வளர்க்கத்தக்கதெனக் குறிக்கப்பட்டதும் பேட்டுக்கோழியே, சேவல் அன்று.

இப்பிரிவு மேற்கூறிய இரு தடைகளையும் வேறுபடுத்தி நோக்கியமையே அதன் சிறப்பாகும். அயலவனின் உறக்கமும் உடல்நலமும் காக்கப்பட்டன; உடைமையாளனின் விருப்பத்துக்கு மட்டும் முதன்மை மறுக்கப்பட்டது. தனியார் ஒப்பந்தம் புனிதமானது எனப் போற்றிய ஒரு சட்ட மரபில் இது சிறிய மாற்றமன்று. அதேவேளை அதன் எல்லையும் தெளிவானது. வளவு உள்ளவனுக்கே அவ்வுரிமை பயன்பட்டது. நகரத்து மாடிக் குடியிருப்பில் வாழ்ந்தவனுக்கு அது ஏட்டளவில் நின்ற உரிமையே.

முட்டைப் பங்கீடு 1953இல் முடிவுற்றது. அதன்பின் கூண்டுமுறைப் பெரும் பண்ணைகள் பெருகி, முட்டை மலிவடைய, வீட்டு வளவுகளிற் கோழிகள் அருகின. அப்பண்ணை முறையின் கொடுமையை றூத் ஹரிசன் 1964இல் வெளியிட்ட நூல் பொதுமக்கள் முன் வைத்தது. பிற்காலத்தில் வீட்டுக் கோழி வளர்ப்பில் மீண்டும் நாட்டம் ஏற்பட்டபோது, அரசின் நோக்கு பசியிலிருந்து நோய்க்கு மாறியிருந்தது. 2001ஆம் ஆண்டின் கால்-வாய் நோய்ப் பரவலைத் தொடர்ந்து, சமையலறைக் கழிவுகளைக் கோழிகளுக்கு இடுதல் தடைசெய்யப்பட்டது. 1941இல் நாட்டுப்பற்றுக்கு அடையாளமாகக் கருதப்பட்ட செயல் அறுபது ஆண்டுகளிற் குற்றமாயிற்று. பறவைக் காய்ச்சல் காரணமாக, 2024 ஒக்ரோபர் 1ஆம் திகதியிலிருந்து இங்கிலாந்திலும் வேல்சிலும் ஒரேயொரு கோழியை வெளியே வளர்ப்பவரும் அதனைப் பதிவு செய்தல் கட்டாயமாகியது. முன்னர் 50 அல்லது அதற்கு மேற்பட்ட பறவைகளை வைத்திருந்தோருக்கே இக்கட்டாயம் இருந்தது. 1875ஆம் ஆண்டின் 'தொல்லை' பற்றிய கருத்தோ 1990ஆம் ஆண்டின் சுற்றாடற் பாதுகாப்புச் சட்டத்திலும் ஏறக்குறைய அதே வடிவில் இடம்பெற்றுள்ளது.

இதுகாறும் நோக்கியவற்றிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். கோழி பற்றிய விதிகள் கோழியைப் பற்றியன மட்டுமல்ல. தன் உணவின் ஒரு பகுதியைத் தானே ஆக்கிக்கொள்ளும் உரிமை ஒரு குடும்பத்துக்கு எந்த அளவில் உண்டு என்பதைப் பற்றியனவாகும். அயலவனுக்குத் தீங்கின்மை என்னும் எல்லை நியாயமானது. எனவே அது நிலைத்தது. உடைமையின் பெயரால் எழுந்த தடைக்கு அத்தகைய நியாயம் இல்லாதிருந்தும், அதனை அகற்றுவதற்கு ஓர் உலகப் போர் வேண்டியிருந்தது. அரசோ தன் தேவைக்கேற்ப வளவின் படலையைத் திறந்தும் சாத்தியும் வந்துள்ளது. ஆதலால், நெருக்கடி அளித்த உரிமையை அமைதிக் காலத்திலேயே சட்டமாக எழுதிவைத்த 1950ஆம் ஆண்டின் அச்சிறு பிரிவு, சமூக வரலாற்று மாணவரின் கவனத்துக்குப் பெரிதும் உரியதாகும்.