குள்ளன் மந்திரவாதி ஆன கதை



சென்ற மாதம் நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு தாய் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். "அண்ணை, சனிக்கிழமையில பிள்ளையள் மேசையைச் சுத்தி இருந்து பகடை உருட்டிக்கொண்டு, மந்திரவாதி, பூதம் எண்டு கதைக்கினம். அது என்ன விளையாட்டு? பயமில்லையோ?" என் வீட்டிலும் இதே கூத்துத்தான். இளைய மகனும் கூட்டாளிமாரும் லாச்சப்பலில் கொத்துரொட்டி வாங்கிக்கொண்டு வந்து குந்தினால் இரவு பத்து மணிவரை எழும்பமாட்டார்கள். நான் கணக்காளன். மேசையில் கிடந்த விதிப்புத்தகத்தைத் தூக்கினால் முதலில் அட்டவணையைத்தான் பார்ப்பேன். அந்த அட்டவணைகளின் சரித்திரத்தைத்தான் இம்மாதம் சொல்லப்போகிறேன்.

விளையாட்டின் பெயர் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்'. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிறிய ஊரில், கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவரின் பெயரில் 1974இல் வெளிவந்தது. முதல் அச்சில் ஆயிரம் பிரதிகள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். நம்மூர்க் கூத்தை, பாட்டும் ஆட்டமும் இல்லாமல், பகடையோடு இருந்த இடத்திலேயே ஆடுவதுபோல. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இரண்டு விடயம் தெரிவு செய்ய வேண்டும். ஒன்று பிறந்த குலம்: மனிதர், எல்ஃப் என்னும் காட்டுவாசிகள், சுரங்கம் தோண்டும் குள்ளர், ஹொபிட் என்னும் சிற்றுருவினர். மற்றது தொழில்: போர்வீரன், மந்திரவாதி, பூசகர். அனுபவம் கூடக்கூட ஒவ்வொரு படியாக ஏறலாம்.

இங்கேதான் கணக்கு இடித்தது. 1974ஆம் ஆண்டு விதிப்படி மனிதன் எந்தத் தொழிலையும் எடுக்கலாம், எவ்வளவு உயரமும் ஏறலாம். குள்ளனுக்குப் போர்த்தொழில் மட்டும். அதிலும் ஆறாம் படியோடு சரி. ஹொபிட்டுக்கு நாலாம் படி. எல்ஃப் மந்திரவாதியாகலாம், ஆனால் எட்டாம் படிக்கு மேல் கதவு பூட்டு. நூற்றாண்டுக் கணக்கில் வாழ்கிற எல்ஃப் ஏன் எட்டோடு நிற்கிறான், அறுபது வயதில் சாகிற மனிதன் எப்படி இருபதைத் தாண்டுகிறான் என்றால், அவர்களுக்கு இருட்டில் கண் தெரியும், வேறு வரங்களும் உண்டு, அதற்கு ஈடு கட்டத்தான் இது என்றார்கள். மனிதனை நடுவில் வைத்த உலகம்தான் நல்ல உலகம் என்று கைகாக்ஸ் 1979இல் வந்த நூலிலும் வாதாடினார். ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் பேரேட்டில் வரவையும் செலவையும் சமப்படுத்த வேறு வழிகள் உண்டே!

ஒரு வேடிக்கை. 1975இல் வந்த இணைப்புநூலில் திருடன் என்ற புதிய தொழிலைச் சேர்த்தார்கள். குள்ளருக்கும் எல்ஃபுக்கும் ஹொபிட்டுக்கும் எல்லையே இல்லாமல் திறந்துவிட்ட ஒரே தொழில் அதுதான். 1978இல் விதிகளைப் பெருப்பித்தபோது அரை ஓர்க், அதாவது மனிதருக்கும் ஓர்க் என்னும் முரட்டு இனத்துக்கும் பிறந்தவன், உள்ளே வந்தான். பூசகர் தொழிலில் அவனுக்கு நாலு படிதான். கொலையாளித் தொழிலில் எல்லையே இல்லை.

இதை வாசித்தபோது எனக்கு ஊர் நினைவு வந்தது. 1970-71 பல்கலைக்கழக அனுமதியில் மருத்துவபீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளி, சிங்களமொழி மூல மாணவருக்கு 229. தரப்படுத்தல் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். அதேவேளை 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே போய்க் கும்பிட வந்தவர்களை மறித்து நின்றவர்களும் எங்கள் ஆட்கள்தான். இதைச் சொன்னால் சில நேயர்கள் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

குலத்துக்குப் பொருந்தாத தொழில் நமக்குப் புதிதில்லை. துரோணர் பிறப்பால் அந்தணர், தொழிலால் வில்லாசான். விசுவாமித்திரர் அரசராய்ப் பிறந்து பிரமரிஷி ஆனார். கர்ணனோ பிறப்பைப் பொய்சொல்லி வித்தை கற்றதற்காகப் பரசுராமரிடம் சாபம் வாங்கினான். பேராசிரியர் வித்தியானந்தன் 1962இல் பேராதனையில் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றினார். மகனுக்குக் கர்ணன் கதையைச் சொன்னேன். "அப்பா, அவன்தான் எங்கட விளையாட்டுக்குச் சரியான ஆள்" என்றான்.

பிரான்சுக்கு இந்த விளையாட்டு 1980களின் தொடக்கத்திலேயே பிரெஞ்சில் வந்துவிட்டது. 'காசுஸ் பெலி' என்ற சஞ்சிகை 1980இல் தொடங்கியது. அக்காலத்து எளிய பெட்டிப் பதிப்பில் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம்: எல்ஃப், குள்ளன் என்பவையே தொழிலாகிவிட்டன. குள்ளனாய்ப் பிறந்தால் குள்ளன் என்பதே உன் வேலை. நான் அந்தக் காலத்துக்குப் பின் வணிகப் பட்டத்தோடு இங்கு வந்து உணவகத்தில் கோப்பை கழுவியவன். அங்கே யாரும் என் பட்டத்தைக் கேட்கவில்லை. தமிழன் என்பதே என் வேலையாக இருந்தது.

பூட்டு 2000ஆம் ஆண்டில் உடைந்தது. விளையாட்டை வாங்கிய புதிய நிறுவனம் வெளியிட்ட மூன்றாம் பதிப்பில் எக்குலமும் எத்தொழிலும் எடுக்கலாம், படியெல்லை இல்லை. 26 வருடத்துக்குப் பின் குள்ளன் சட்டப்படி மந்திரவாதி ஆனான். மனிதருக்கு மட்டும் என்றிருந்த பலடின் என்னும் அறவீரன் பதவிக்கு அரை ஓர்க்கும் வந்தான். ஆனால் அட்டவணையைக் கவனித்தால் தெரியும், தடை போய்க் கழிவு வந்தது. அரை ஓர்க்குக்கு அறிவில் இரண்டு புள்ளி குறைவு, பேச்சுக் கவர்ச்சியில் இரண்டு குறைவு. மந்திரவாதியாகலாம், சுமாரான மந்திரவாதியாக. 2020இல்தான் புள்ளிகளை விரும்பிய இடத்துக்கு மாற்ற வழி வந்தது. 2024ஆம் ஆண்டு நூலில் அந்தப் புள்ளிகள் பிறப்போடு இல்லை, பாத்திரம் வளர்ந்த பின்னணியோடு சேர்ந்தன. இனம் என்ற சொல்லையும் எடுத்துவிட்டார்கள்.

கேட்ட தாய்க்குப் பதில்: பயமில்லை. ஒரு சனிக்கிழமை நீங்களும் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

என் மகனின் பாத்திரம் ஒரு அரை ஓர்க் மந்திரவாதி. புதிய நூலை ஆசையாய் வாங்கிப் புரட்டியவன் முகம் வாடிப்போனான். ஓர்க் இருக்கிறான், மனிதன் இருக்கிறான், இரண்டுக்கும் நடுவில் பிறந்தவனுக்கு அதில் பக்கம் இல்லை. இப்போது மேசையில் பழைய புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் விளையாடுகிறார்கள்.